கை இறுக்கம்

பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
உலான்பாத்தரில் இந்த மாதம் முழுக்க
நாம் இரும்பைப் பிடிப்பதில்லை, இரும்புதான் நம்மைப் பிடிக்கும்.
ராத்திரியே ஸ்பேனர்களை ஹீட்டர் குழாய்மேல்
வரிசையாகப் படுக்க வைத்துவிடுவேன்.

வாசலில் பதினொரு ப்ரியஸ்.
எல்லாம் ஜப்பானில் ஒருமுறை வாழ்ந்து முடித்தவை.
ஸ்டியரிங் வலப்பக்கம், சாலையிலும் வலப்பக்கம்;
முந்துவதற்கு இடம் இருக்கிறதா என்று
பக்கத்து சீட்டுக்காரர்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும்.

பட்டறைச் சுவரில் மார்க்கரால் எழுதிய விதிகள் உண்டு.
எழுதியது நான். மீறுவதும் பெரும்பாலும் நான்.

ஆரஞ்சு கேபிளா, கையை எடு.
சர்வீஸ் பிளக்கை உருவி உன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொள்.
பத்து நிமிஷம், உப்புப் பால் டீ, ஒரு முழுக் கோப்பை.
உள்ளே மின்சாரம் வடியட்டும்.

கழற்றிய போல்ட்டுகளை அட்டையில் படம் வரைந்து
அததன் இடத்தில் குத்தி வை.
ஞாபகம் மதியச் சாப்பாட்டோடு போய்விடும்.

மரையை முதலில் விரலால் ஏற்று, மூன்று சுற்று.
முறியப் போகிற போல்ட் அதற்கு முன் ஒருமுறை முனகும்.
அங்கேயே நிறுத்து. சூடு காட்டு. எண்ணெய் விடு.
திட்டி எதுவும் கழன்றதில்லை.
(இது பொய். சிலது கழன்றிருக்கிறது.)

பத்தாம் நம்பர் சாக்கெட் எங்கே என்று கேட்காதே.
யாரோ ஒருவரின் எஞ்சினுக்கடியில் உட்கார்ந்து
அது ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் கீழே, பெரிய எழுத்தில்:
வெள்ளைக் கோடு இல்லாத நட்டோடு
எந்தச் சக்கரமும் கதவைத் தாண்டக் கூடாது.

வியாழக்கிழமை நெர்குய் வந்தார்.
'பெயரில்லை' என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம்.
கெட்டது எதுவும் விலாசம் விசாரித்து வந்தால்
ஆள் தெரியாமல் திரும்பட்டும் என்று வைப்பது.
முன் சக்கர பேரிங். மாற்றினேன்.
ஐந்து நட்டையும் விரலால் ஏற்றினேன், மூன்று சுற்று.
போன் வந்தது. இன்வெர்ட்டர் பம்ப், பழசு, பாதி விலை,
இப்போதே சொல் என்றான் பார்ட்ஸ் கடைக்காரன்.
வெளியே போய் பேரம் பேசினேன். ஜெயித்தேன்.
உள்ளே வந்தபோது சோத்னாம்
ஜாக்கை இறக்கி, காசு வாங்கி, வண்டியை அனுப்பியிருந்தான்.

நாலு மணிக்கு டார்க் ரெஞ்சை எடுக்கிறேன்,
சூடாக இருக்கிறது.
காலையிலிருந்து குழாயைவிட்டு இறங்கவேயில்லை அது.

அவர் போன் அடிக்கவில்லை. தார்கான் போகிறேன் என்றாரே.
சோத்னாமின் வேன், என் மடியில் ரெஞ்ச்.
பள்ளத்தில் கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் அவர் கார்.
பிறகு அது டயர். அது பசு. அது வெறும் கல்.

எழுபதாவது கிலோமீட்டரில் ஒரு சாப்பாட்டுக் கடை,
வெளியே நாலு ப்ரியஸ், நாலும் வெள்ளி நிறம்.
கதவைத் திறந்து 'பெயரில்லை யாரு?' என்று கத்தினேன்.
கடையே சிரித்தது. மூலையில் ஒருவர் கை தூக்கினார்.
'ஒரு சத்தம் வந்தது,' என்றார்,
'கறிக் கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாமென்று...'

மூன்று நட் இருந்தது. இரண்டைக் காணோம்.
என் தப்பு என்றேன். சோத்னாம் பெயரைச் சொல்லவில்லை,
சொல்ல நினைத்தேன்.
மற்ற இரண்டு சக்கரங்களிலிருந்து ஆளுக்கொன்று கடன் வாங்கி
ஐந்தையும் நிரப்பி இறுக்கினேன். ரெஞ்ச் ஐந்து முறை சொடுக்கியது.
மீதிச் சக்கரங்களையும் விடவில்லை.
பெயிண்ட் பேனா உறைந்திருந்தது.
அக்குளில் செருகிக்கொண்டு நின்றேன்;
அவர் என்னையே பார்த்துக்கொண்டு கொழுக்கட்டையை மென்றார்.

வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். பாதியை எடுத்துக்கொண்டார்.
'பேரிங் நல்லாத்தான் ஓடுது.'

அலமாரியில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கிறது:
பெயரில்லை, இரண்டு நட்.
இன்னும் வரவில்லை. வண்டி
தொலைந்துபோகாத நட்டுகளோடு எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.
பம்ப் வேலை செய்யவில்லை.